ஒன்று மூன்று நான்கு இரண்டு

கோத்தகிரியில் வெயில் அடிக்கும் நாளில்
என் பத்மினிக்கு ஒரு குறையும் இல்லை.
இக்னேஷியஸின் பட்டறை வாசலில்
பால் குடித்த பூனையாய் முனகிக்கொண்டு நிற்கும்.
"சத்தமே இல்லையே மேடம்" என்பார்.
நான் பொய் சொல்கிறேன் என்பதை
அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அரவேணு தாண்டி மஞ்சு இறங்கினால்
டப்.
சைலன்சருக்குள் யாரோ கதவை அறைந்து சாத்துவார்கள்.
தேயிலைக்குள் மேயும் காட்டெருமைகள்
ஒரே நேரத்தில் தலை தூக்கும், நகரும்.
ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றவர் குடையைக் கீழே போட்டார்,
பன்றிக்கு வைத்த வெடி என்று நினைத்திருப்பார்.

ஐந்து மாதம்.
பிளக் நாலும் புதிது.
பாயிண்ட் இடைவெளி பார்த்தாயிற்று, கண்டென்சர் மாற்றியாயிற்று,
கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை ஊதியாயிற்று.
டைமிங் ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே.
ஓட்டையோ என்று பின்குழாயை ஈரச்சாக்கால் அமுக்கி
வண்டிக்கடியில் படுத்துக் கேட்டார். எங்கும் ஒழுகவில்லை.
ஒவ்வொரு பில்லின் கடைசி வரியிலும்
"பார்க்கவும்" என்று எழுதியிருப்பார்.
யார், எதை, எழுதவில்லை.

தேயிலை ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
பதினேழு ரூபாய் உதைத்தால்
பதினேழு ரூபாயைத் தேடக் கூடாது.
எந்தெந்த நாளில் கணக்கு சரியாக இருந்தது
என்று தேட வேண்டும்.
டைரியின் பின்பக்கத்தில் எழுதினேன்:
செவ்வாய், வெயில், இல்லை.
புதன், மஞ்சு, ஏழு.
வியாழன், மழை விட்டபின், மூன்று.
வெள்ளி, மஞ்சு, எண்ணவில்லை, அழுகை வந்தது.

அந்தத் தாளை இக்னேஷியஸ் இரண்டு தடவை படித்தார்.
"வண்டிய இங்க கொண்டு வராதீங்க.
நான் அங்க வர்றேன்."

இரவு எட்டரை, இறக்கத்தில் ஒரு வளைவு.
பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓட,
இருவரும் குனிந்து ஒன்றும் காணாமல் நிற்கையில்
முதுகில் டார்ச் வெளிச்சம் விழுந்தது.
வனக்காவலர் குமுதவல்லி.
"துப்பாக்கி எங்க?"
பத்து நாளாகப் புகாராம்,
யாரோ காட்டெருமை சுடுகிறார்கள் என்று.
பதிலைப் பத்மினியே சொன்னது:
டப்.
ஓரடி பின்வாங்கினார். பிறகு
சிரிக்கலாமா என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

"டார்ச்ச அணைங்கம்மா" என்றார் இக்னேஷியஸ்.
"வேட்டைக்காரனும் இதத்தான் சொல்வான்."
அணைத்தார்.

சூடான இரும்பில் மஞ்சு பட்டு ஆவியாகும் வாசனை.
கண் பழக ஒரு நிமிடம்.
முதலில் கண்டது அவர்தான்,
இருட்டில் கண்களைத் தேடியே பழகியவர்:
"அதோ, மினுக்குது."

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்மேல்
மூன்றாம் வயருக்கும் நான்காம் வயருக்கும் நடுவே
ஒரு நீல எறும்பு ஓடியது.
டப்.
மறுபடி ஓடியது.

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
நெருப்பு போக வேண்டிய வரிசை இது.
மூடியில் ஒரு விரிசல்,
காய்ந்த நாளில் வெறும் கோடு,
ஈரம் ஏறினால் பாதை.
நான்குக்கு வந்த நெருப்பு
வேலை முடித்து வாய் திறந்திருக்கும் மூன்றுக்குத் தாவிவிட,
நான்கில் எரியாத பெட்ரோல்
சைலன்சர்வரை நடந்து போய் அங்கே
வெடித்திருக்கிறது.

"இத நான் மூணு தடவ தொடச்சு மாட்டுனேன்"
என்றார் இக்னேஷியஸ், யாரிடமும் அல்லாமல்.
பேனாக்கத்தியால் கரிக்கோட்டைச் சுரண்டினார்.
என் கைப்பையில் நகப்பூச்சு இருந்தது, மாதுளை நிறம்.
அதைப் பூசி, ஊதி ஊதிக் காயவைத்து மாட்டினார்.
"புது மூடி வர்ற வரைக்கும்."

குமுதவல்லி பின்சீட்டில் ஏறிக்கொண்டார்,
சோதனைச்சாவடி வரைக்கும்.
மஞ்சு கெட்டியாகிக்கொண்டே வந்தது.
யாரும் பேசவில்லை.
வராத ஒரு சத்தத்துக்கு
மூன்று பேர் காது கொடுத்திருந்தோம்.

நான்காம் வளைவில் சாலை நிறையக் காட்டெருமைகள்.
ஒன்றும் தலை தூக்கவில்லை, ஒன்றும் நகரவில்லை.
ஹாரனுக்குப் போன என் கையைக்
குமுதவல்லி பின்னாலிருந்து தட்டினார்.
"வேணாம். அதுங்களா போகும்."
எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தோம்.